துணி மாற்றும் பொம்மைகள்: மும்பைத் தமிழ் வீடுகளில் மரப்பாச்சி

ஃபேஷன் பொம்மை என்று உலகெங்கும் சேகரிப்போர் குறிப்பிடும் பொருளுக்கு இரண்டு இலக்கணங்கள் உண்டு: அது வளர்ந்த பெண்ணின் அல்லது ஆணின் உருவத்தில் இருக்க வேண்டும், உடை உடுத்துவதும் மாற்றுவதுமே அதன் முதற்பயனாக இருக்க வேண்டும். தொட்டிலில் இட்டுத் தாலாட்டும் குழந்தைப் பொம்மை இந்த வகையில் சேராது. உடையும் நகையும் வண்ணத்தால் தீட்டப்பட்டுச் சூளையில் சுடப்பட்ட மண்பொம்மையும் சேராது. இவ்விலக்கணத்தை ஏற்றுக்கொண்டால், மாதுங்காவிலும் செம்பூரிலும் நவராத்திரி தோறும் கொலுவின் மேற்படியில் பட்டுடுத்தி நிற்கும் மரப்பாச்சி இணையை அந்த வகையிலிருந்து விலக்கி வைப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. ஆயினும் பார்பியைச் சேகரிப்போர் வகுத்துக்கொண்ட விதிகளும், மரப்பாச்சியைப் பேணிவந்த குடும்பங்களின் வழக்கமும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் செல்பவை என்பதும், ஒன்றன் விதியை மற்றொன்றின் மேல் சுமத்தினால் காக்கத் தக்கது எதுவோ அதுவே முதலில் கைவிட்டுப் போகும் என்பதுமே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து.

ஐரோப்பாவில் இப்பொம்மையின் தொடக்கம் அரசவைகளில் உள்ளது. பதினான்காம் நூற்றாண்டு முதலே பிரெஞ்சு அரசவையின் உடைப்பாங்கை அயல்நாட்டு அரசியருக்குக் காட்டுவதற்காக, அப்பாங்கில் உடுத்திய பொம்மைகள் அனுப்பப்பட்டன. பிற்காலத்தில் பண்டோரா என்று பெயர் பெற்ற இவை பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிசுத் தையற்கலைஞர்களின் விளம்பரத் தூதர்களாகவே விளங்கின. போர்க்காலத்திலும் எல்லையில் அவற்றுக்கு வழிவிடப்பட்டதாகக் கூறுவர். படங்களோடு கூடிய ஃபேஷன் இதழ்கள் அச்சாகத் தொடங்கியதும் பண்டோராவின் வேலை முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜூமோ, ப்ரூ முதலிய பிரெஞ்சு நிறுவனங்கள் பீங்கான் தலையும் தோலுடலும் கொண்ட சீமாட்டிப் பொம்மைகளைச் செல்வர் வீட்டுச் சிறுமிகளுக்காகச் செய்தன. அவற்றுக்குப் பின் நெடுங்காலம் குழந்தைப் பொம்மைகளே கடைகளை ஆண்டன. 1955இல் ஜெர்மானிய நாளிதழ் ஒன்றின் கேலிச்சித்திர நாயகியைக் கொண்டு லில்லி என்ற பொம்மை செய்யப்பட்டது. அதைச் சுவிட்சர்லாந்துப் பயணத்தில் கண்ட ரூத் ஹாண்ட்லர், தம் மேட்டல் நிறுவனத்தின் வழியாக 1959 மார்ச் 9 அன்று நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் பார்பியை வெளியிட்டார். பதினொன்றரை அங்குல உயரம், கழுத்திலும் தோளிலும் இடுப்பிலும் மட்டுமே மூட்டு, ஜப்பானில் வார்த்த வினைல் உடல், ஜப்பானியப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே தைத்துக் கொடுத்த உடைகள் என்பதே முதற்பார்பியின் அமைப்பு. வளர்ந்த பெண்ணின் உருவத்தைச் சிறுமியின் கையில் கொடுப்பதா என்று அமெரிக்காவில் அன்று எழுந்த தயக்கம் தமிழ் வாசகருக்கு வியப்பளிக்கக் கூடும். மணமான ஆணும் பெண்ணுமான மரப்பாச்சி இணையைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ்ச் சிறுமியர் பல தலைமுறையாக விளையாடி வந்திருக்கிறார்கள்.

பழைய பார்பியைச் சேகரிப்போர் கூர்மையான ஒரு பரிசோதனை முறையை உருவாக்கியுள்ளனர். முதல் வார்ப்பின் உள்ளங்காலில் துளையும், அத்துளைக்குள் செம்புக் குழலும் இருக்கும். நிறுத்தும் பீடத்தின் கம்பிகள் அக்குழல்களில் பொருந்தும். காதணியின் உலோகம் வினைலோடு வினைபுரிந்து ஏற்படுத்தும் பச்சைக்கறையைப் ‘பச்சைக் காது’ என்று தனிக்குறையாகவே கணக்கிடுவர். உடலில் பொறித்த ஆண்டு பெரும்பாலும் வடிவமைப்பின் உரிமை ஆண்டாகும். அதைச் செய்யப்பட்ட ஆண்டாகக் கொள்வது புதியவர் அடிக்கடி செய்யும் பிழை. இந்த நுட்பங்களுக்கு மேலாக, பெட்டி பிரிக்கப்படாத பொம்மைக்கே உச்ச விலை என்ற விதி நிற்கிறது. உடை மாற்றுவதற்கென்றே பிறந்த ஒரு பொருள், ஒருமுறைகூட உடை மாற்றப்படாமல் இருந்தால்தான் முழுமதிப்பு பெறுகிறது என்பதில் உள்ள முரணைச் சேகரிப்போரும் அறிவர். சந்தை அதைப் பொருட்படுத்துவதில்லை.

மரப்பாச்சிக்குப் பெட்டியே கிடையாது. திருப்பதியைச் சூழ்ந்த சேஷாசல மலைகளிலும் அவற்றை ஒட்டிய கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளிலும் மட்டுமே இயற்கையாக வளரும் செஞ்சந்தனம் எனும் செம்மரத்தின் வைரத்தில், ஒரு சாண் முதல் ஒரு முழம் வரையான உயரத்தில், மூட்டு ஏதுமின்றி ஒரே துண்டாகச் செதுக்கப்படுவது அது. கருங்காலியில் செய்தவையும் உண்டு. ஆந்திரத்தின் கொண்டப்பள்ளியில் மென்மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டப்படும் பொம்மைகளை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. திருமணமான பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் வாங்கிக் கொடுக்கும் இந்த இணையே அவளுடைய கொலுவின் முதற்பொருள். மற்ற பொம்மைகள் ஆண்டுக்கு ஒன்றிரண்டாகச் சேரும். படி கட்டியதும் முதலில் ஏறுவதும் மரப்பாச்சிதான். விஜயதசமி இரவில் கொலு முடிந்ததன் அடையாளமாகப் பல வீடுகளில் படுக்க வைக்கப்படுவதும் மரப்பாச்சிதான்.

அதன் கைகள் உடலோடு ஒட்டியே செதுக்கப்படுகின்றன. அழுத்துபொத்தானும் சட்டைக்கையும் கொண்ட பார்பியின் உடை, அசையும் தோள்மூட்டை நம்பித் தைக்கப்படுவது. மரப்பாச்சியின் கையிலோ சட்டைக்கை நுழையாது. ஆகவே அதற்கு உடை என்பது சுற்றுவதும் கொசுவுவதும் செருகுவதும் முடிவதுமாகவே இருக்க முடியும். ரவிக்கைகூட முன்பக்கம் ஒட்டிவைத்து முதுகில் ஊசிநூலால் பிடித்த ஒரு துண்டுதான். இந்த வரம்பின் பயனாக, புடவையைப் பெரியவர்கள் எப்படி உடுத்தினார்களோ ஏறக்குறைய அதே கைமுறையைச் சிறு அளவில் திரும்பச் செய்ய வேண்டிய கட்டாயம் பொம்மைக்கு உடுத்துபவருக்கு ஏற்பட்டது. ஒன்பது கஜப் புடவையை அன்றாடம் உடுத்தும் வழக்கம் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் குறையத் தொடங்கி, இன்று பல குடும்பங்களில் திருமணம், சீமந்தம், சிராத்தம் போன்ற நாட்களுக்கு மட்டும் உரியதாகிவிட்டது; ஆனால் மடிசார் கட்டின் தலைப்பு எந்தத் தோளில் விழ வேண்டும், கச்சம் எங்கே செருகப்பட வேண்டும் என்பதைச் சில வீடுகளில் சிறுமியர் முதலில் கற்றது மரப்பாச்சியின் மேல்தான். உடையின் வரலாற்றை எழுத விரும்புவோர் ஓவியத்தையும் நிழற்படத்தையும் தேடுவது போலவே இக்கைப்பழக்கத்தையும் ஒரு சான்றாகக் கொள்ள வேண்டும்.

மும்பைக்கு இதில் ஒரு தனிப் பங்கு உண்டு. ஓவியர் ரவிவர்மா 1894இல் தம் வண்ண அச்சகத்தை நிறுவியது இந்நகரின் கிர்காவ் பகுதியில். அங்கும், பின்னர் அச்சகம் இடம்பெயர்ந்த லோனாவாலா அருகிலும் அச்சான இலட்சுமியும் சரஸ்வதியும் இந்தியா முழுவதும் பூசையறைகளை அடைந்தனர். அவர்கள் உடுத்தியிருந்த புடவைக்கட்டே தேவியருக்கு உரிய கட்டு என்ற எண்ணமும் உடன் பரவியது. அச்சுப்படத்தை வாங்கியவர்களில் பலர் அதை அப்படியே மாட்டாமல், புடவையின் மேல் உண்மைத் துணியை ஒட்டி, கரையில் ஜரிகையும் கழுத்தில் சமிக்கியும் தைத்துச் சட்டமிட்டனர். படத்தைக்கூடப் பொம்மையாகக் கருதித் துணி உடுத்திய அந்த மனப்பாங்கு, மரப்பாச்சிக்குப் பட்டுச் சுற்றிய மனப்பாங்கிலிருந்து வேறானதன்று. இன்று அவ்வகைப் படங்கள் பழம்பொருள் ஏலங்களில் மதிப்போடு விற்பனையாகின்றன. துணியுடன் கூடிய பழைய மரப்பாச்சிக்கு அத்தகைய கவனம் கிட்டவில்லை.

அதற்குக் காரணம் வீட்டு வழக்கத்திலேயே உள்ளது. ஆண்டுதோறும் மரப்பாச்சிக்குப் புதுத்துணி உடுத்த வேண்டும் என்பது பெரும்பாலான குடும்பங்களின் நெறி. சென்ற ஆண்டுத் துணியோடு அதைப் படியில் ஏற்றுவது குறைவாகக் கருதப்பட்டது. நைந்த பட்டுப்புடவையின் கரை, தாம்பூலத்தில் வந்த ரவிக்கைத் துணி, ரிப்பன், லேஸ் என்று வீட்டில் கிடைத்ததெல்லாம் அதற்குப் பயன்பட்டது. (ஒரு வீட்டில் வாங்கிய ரவிக்கைத் துணி அடுத்த வீட்டுத் தாம்பூலத்தில் போய்ச் சேர்ந்து, ஊர் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதும் உண்டு என்பதால், பொம்மையின் துணியைக் கொண்டு அதன் வீட்டை அறுதியிட முயல்பவர் எச்சரிக்கையாக இருத்தல் நலம்.) எனவே பொம்மை எண்பது ஆண்டு நின்றாலும் அதன் உடை ஓராண்டே நிற்கும், உடல் தங்க, ஃபேஷன் மறையும். பார்பியின் உலகில் முதல் உடையைக் காக்கப் பொம்மையைத் தொடாமல் வைக்கிறார்கள். மரப்பாச்சியின் உலகில் பொம்மையைச் சிறப்பிக்கவே முதல் உடையைக் களைகிறார்கள். இரண்டில் இரண்டாவதே பொம்மையின் இயல்புக்கு நேர்மையானது எனலாம். ஆனால் அது ஆவணம் எதையும் விட்டுச் செல்வதில்லை.

முற்றிலும் விட்டுச் செல்வதில்லை என்பதும் மிகை. அவசரத்தில் பழைய துணியின் மேலேயே புதியதைச் சுற்றிய வீடுகள் உண்டு. அத்தகைய பொம்மையில் உட்புறம் செல்லச் செல்ல முந்தைய ஆண்டுகளின் துணிகள் அடுக்காகக் கிடைக்கும். கொலு முடிந்ததும் பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியிலும் நாளிதழ்த் தாளிலும் பொதிந்து டிரங்குப் பெட்டியில் அடுக்குவது வழக்கம். நாளிதழின் அமிலம் துணியைப் பழுப்பாக்கும் என்பது உண்மையே. எனினும் கசங்கிய தாளில் உள்ள தேதி, அப்பொம்மை எந்த ஆண்டு வரை படியேறியது என்பதற்குக் கிடைக்கும் ஒரே எழுத்துச் சான்றாகவும் அமையலாம். பெட்டியைத் திறந்ததும் தாளைக் குப்பையில் போட்டுவிட்டுப் பொம்மையை மட்டும் எடுத்துவைப்பவர் தேதியைத்தான் எறிகிறார்.

1896இன் பிளேக் நோய்க்குப் பின் 1898இல் அமைந்த பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை, நெரிசலான தென்பகுதிக்கு மாற்றாகத் தாதர், மாதுங்கா நிலங்களை வகுத்தது. அங்கு எழுந்த கட்டடங்களில் 1920களிலும் 1930களிலும் தமிழ் எழுத்தர்களும் தட்டச்சர்களும் கணக்கர்களும் பெருமளவில் குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றுமளவுக்கு அக்குடியிருப்பு வேரூன்றியது. நாட்டு விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் செம்பூர் அதன் நீட்சியாக வளர்ந்தது. இக்குடும்பங்களின் மண்பொம்மைகள் பண்ருட்டி, காஞ்சிபுரம் போன்ற இடங்களிலிருந்து இரண்டு பகல் இரயிலில் உடையாமல் வர வேண்டியிருந்தன. மரப்பாச்சிக்கு அந்தக் கவலை இல்லை. ஓரறை, ஈரறை வீடுகளில் அவை ஆண்டின் பெரும்பகுதியைச் சமையலறைக்கு மேலுள்ள பரணில் கழித்தன. மும்பையின் மழைக்காலமும் அடுப்பின் ஆவியும் சேரும் அந்த இடத்தைவிடப் பட்டுக்குக் கேடான இடத்தைக் கற்பனை செய்வது கடினம்.

கொலுப் படிகளுக்குப் பக்கத்தில் கடுகோ கேழ்வரகோ முளைக்கவிட்டுப் புல்தரையாக்கி அமைக்கும் ‘பார்க்’ எனும் பகுதியில்தான் பார்பி இவ்வீடுகளுக்குள் கொலுப்பொருளாக நுழைந்தது. 1980இல் தொடங்கிய தன் உலகப் பொம்மை வரிசையில் மேட்டல் சில ஆண்டுகளுக்குள் புடவை உடுத்திய இந்தியப் பார்பியைச் சேர்த்திருந்தாலும், அது அமெரிக்கச் சிறுமிக்காகச் செய்யப்பட்டது. இந்தியாவில் பரவலாக விற்ற பார்பி, 1980களின் பிற்பகுதி முதல் மும்பையைச் சேர்ந்த ப்ளோ பிளாஸ்ட் குழுமத்தின் கூட்டில் லியோ மேட்டல் என்ற பெயரோடு உள்நாட்டிலேயே செய்யப்பட்டது. நுகர்பொருள் இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரலில்தான் முழுமையாக நீங்கின என்பதை நினைவிற்கொண்டால் இந்த ஏற்பாட்டின் காரணம் விளங்கும். பொன்னிறக் கூந்தலும் நீலக்கண்ணும் மாறாமல், நெற்றியில் பொட்டும் மேலே புடவையுமாக வந்த அப்பொம்மையை ஆய்வாளர் இந்தர்பால் கிரேவால் உலகமயக் காலத்து நுகர்வின் ஓர் அடையாளமாக எடுத்து ஆராய்ந்துள்ளார். வெளிநாட்டுச் சேகரிப்போர் இன்று லியோ பெட்டிகளைத் தனிவகையாகவே தேடுகின்றனர். மாதுங்கா வீட்டுப் பரணில் அப்படி ஒன்றைக் காண்பவர், முதுகில் 1966 என்று பொறித்திருப்பதைக் கண்டு மகிழ்ந்துவிட வேண்டாம். அது முன்சொன்ன உரிமை ஆண்டு, பொம்மையின் வயது அதிலிருந்து இருபதாண்டுக்கும் மேல் குறைவு.

பொம்மையைச் சேகரிப்பது என்றாலே படியும் பரணும் பெட்டியும் உள்ள வீட்டைத்தான் குறிக்கிறது. கொலு வைப்பது எல்லாத் தமிழர்க்கும் உரிய வழக்கமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களின் சிறுமியரும் பொம்மைக்கு உடை உடுத்தியே விளையாடியிருப்பர். பனையோலையை மடித்தும் கந்தல் துணியைச் சுருட்டியும் ஆக்கிய பொம்மைகள் அவர்களது ஊர்களில் பொதுவானவை. சங்கப் பாடல்களில் வரும் பெண்கள் கோரைப்புல்லால் பாவை செய்து ஆடியதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். ஓலையும் கந்தலும் கோரையும் ஒரு மழைக்காலம் தாங்காதவை. தாராவியின் கும்பார்வாடாவில் சௌராட்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் பானையும் அகலும் செய்கிறார்களே அல்லாமல் கொலுப்பொம்மை அவர்கள் மரபன்று. ஆகவே மும்பைத் தமிழரின் பொம்மை வரலாறு என்று எழுதப்படும் எதுவும், இப்போதைக்கு, மாதுங்கா இரயில் நிலையத்துக்குக் கிழக்கே சில தெருக்களின் வரலாறாகவே இருக்கும். இதைச் சொல்லாமல் விட்டு, மரப்பாச்சியை ‘தமிழர் பொம்மை’ என்று பொதுப்பெயரிட்டு அழைப்பது ஆய்வு நேர்மையாகாது.

உடையைப் பொம்மையின் வழியே பதிவு செய்யும் முயற்சிகளை அருங்காட்சியகங்கள் முன்பே செய்துள்ளன. பைகுல்லாவில் 1872இல் இன்றைய கட்டடத்தில் திறக்கப்பட்ட, இப்போது பாவ் தாஜி லாட் பெயரைத் தாங்கும் அருங்காட்சியகத்தில், அக்காலப் பம்பாயின் பல சமூகத்தாரைத் தலைப்பாகை வேறுபாடு முதற்கொண்டு காட்டும் சிறு மண்ணுருவங்கள் உள்ளன. தில்லியில் 1965இல் பன்னாட்டுப் பொம்மை அருங்காட்சியகத்தை நிறுவிய கேலிச்சித்திரக்காரர் சங்கர் பிள்ளை, தம் இளமையில் பம்பாயில் பணிபுரிந்தபடி இந்நகரின் நாளிதழ்களுக்கு வரைந்தவர்; ஹங்கேரித் தூதர் அளித்த ஒரு பொம்மையிலிருந்து அவருடைய ஆர்வம் தொடங்கியது. அங்குள்ள பட்டறையில் இந்திய மாநிலங்களின் உடைகளை ஆராய்ந்து செய்த பொம்மைகள் அயல்நாட்டுப் பொம்மைகளுக்கு மாற்றாகவும் அனுப்பப்பட்டன. இவை மதிப்பு மிக்க பணிகளே. ஆனால் இவ்வுருவங்கள் ஒவ்வொன்றும் ஒரு கணத்தில் உறைந்த உடையைக் காட்டுபவை. ஒரே பொம்மை ஐம்பது நவராத்திரிகளில் ஐம்பது துணி மாற்றியதை எந்தக் காட்சிப்பெட்டியும் காட்டவில்லை.

பேணும் முறையிலும் மரத்துக்கும் வினைலுக்கும் ஒரே மருந்து உதவாது. செம்மரத்தின் சிவப்புக்குக் காரணமான சாண்டலின் என்ற நிறமி தண்ணீரில் எளிதில் கரைவதில்லை, ஆனால் சாராயத்தில் கரையும்; பொம்மையைப் பளபளப்பாக்க ஸ்பிரிட்டால் துடைத்தால் நிறம் கசிந்து அருகிலுள்ள பட்டில் ஏறிவிடும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைப்பதே போதும். அடர்த்தி மிக்க இம்மரம் பெரும்பாலும் நீரில் மூழ்கும் என்பதால், சாயமேற்றிய போலியைக் கண்டறிய நீரில் இட்டுப் பார்க்கும் பழக்கம் உண்டு. பழைய பொம்மையில் அதைச் செய்தால் வெடிப்பு விழும், கையில் எடுத்துக் கனம் பார்ப்பதே நன்று. உண்மை ஜரிகை என்பது சிவப்புச் சாயமிட்ட பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. ரப்பர் பேண்டில் உள்ள கந்தகம் அவ்வெள்ளியைக் கறுக்கச் செய்யும் என்பதால், பொம்மையைத் துணியோடு ரப்பர் பேண்டால் கட்டிவைப்பது பெருந்தவறு. வினைல் பொம்மைக்கோ எதிரி வெப்பம்: அதை மென்மையாக்கச் சேர்த்த நெகிழ்வூட்டி வெளியே கசிந்து மேற்பரப்பு பிசுபிசுக்கும். அந்துருண்டையின் ஆவி சிலவகை நெகிழிகளை இளக்கும். மிகப் பழைய செல்லுலாய்டுப் பொம்மை, எளிதில் தீப்பற்றுவதோடு, சிதையும்போது அமில ஆவியை வெளியிட்டு அண்டையில் உள்ள உலோகத்தையும் துணியையும் அரிக்கும். அதை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்கலாகாது.

வாங்குவோரும் விற்போரும் சட்டத்தை அறிந்திருப்பது கட்டாயம். 1972இல் இயற்றப்பட்டு 1976 முதல் நடைமுறையில் உள்ள தொல்பொருள் சட்டத்தின்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத கைவினைப்பொருள் தொல்பொருளாகக் கருதப்படக் கூடும். அத்தகையதைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல இயலாது, உரிமமின்றி வணிகமாக விற்கவும் இயலாது. செம்மரமோ 1995 முதல் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. கொள்ளுப்பாட்டியின் மரப்பாச்சியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நியூஜெர்சிக்கு விமானம் ஏறும் பேத்தி, அது நூற்றாண்டைத் தாண்டியதா என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது.

மாதுங்கா, செம்பூர்க் கட்டடங்கள் இடிக்கப்பட்டு உயர்மாடிகளாக எழும் இக்காலத்தில், டோம்பிவிலிக்கும் முலுண்டுக்கும் பிரிந்து போகும் உடன்பிறந்தோர் பாத்திரங்களைப் போலவே பொம்மைகளையும் பங்கிடுகின்றனர். ஆண்பொம்மை ஒருவரிடமும் பெண்பொம்மை மற்றவரிடமும் போய்ச்சேர்ந்தால் சந்தையில் இரண்டுமே மதிப்பிழக்கும். இல்லத்தாரோ புதிதாக ஒன்றை வாங்கி இணையை நிரப்பிக்கொள்வர், அதில் தவறேதும் இல்லை. எஞ்சிய உருப்படிகள் சோர் பஜாரின் பழம்பொருள் தெருவை அடையுமானால், எவர் வீட்டுக் கொலுவில் நின்றவை என்ற செய்தி அங்கே வந்துசேராது. துணி மாற்றும் வழக்கத்தை நிறுத்தும்படி எந்தக் குடும்பத்தையும் கேட்பது பொருந்தாது. தைத்த உடையோடு கடையில் வாங்கிய மரப்பாச்சியை அப்படியே நிறுத்திவிடும் வீடுகள் பெருகிவரும்போது, இன்னும் கையால் கொசுவம் வைக்கும் வீடுகளைத் தடுப்பது இரட்டை இழப்பாகும். களைந்த துணியைச் சாயமேறாத மல்துணி உறையில் இட்டு, எந்த ஆண்டு, யாருடைய புடவையின் கரை, உடுத்தியவர் யார் என்ற மூன்றையும் பென்சிலால் எழுதிய சீட்டோடு அதே பெட்டியின் அடியில் வைத்தால் போதும். இணை பிரிந்த வீடுகளில் அச்சீட்டின் படி ஒன்று மற்றவரிடமும் இருக்க வேண்டும்.